மெதுவா அழுதா மவுசு அதிகம்

லே பேராண்டி, பாட்டுக்காரனாத்தான் ஆவேன்னு ஒத்தக்கால்ல நிக்கியாமே? உங்க அம்மை சொன்னா. நல்லது. ஆனா புதுசா மெட்டுக் கட்டுதேன்னு மண்டையப் போட்டு உடைக்காத. அடுத்தவன் கட்டுன துள்ளாட்டப் பாட்டு ஒண்ண எடு. மேளத்தத் தூக்கி வெளிய வையி. வேகத்தப் பாதியாக் குறை. பியானோ ஒண்ணு போதும். சளி கட்டுனவன் கணக்கா முணுமுணுத்துப் பாடு. "அடடா, என்ன ஆழம்!"னு ஊரே மூக்கச் சிந்தும்.

நம்பலையா? 'மேட் வேர்ல்ட்' கதையக் கேளு. இங்கிலாந்துல பாத்னு ஒரு ஊரு. பீட்சாக் கடைக்கு மேல மாடியில குடியிருந்த ரோலண்ட் ஓர்ஸபல், 19 வயசுல, சன்னல் வழியா கீழ போற வாற சனங்களப் பாத்துக்கிட்டே கிட்டார்ல கட்டுன பாட்டு அது. நீ சன்னல்ல நின்னா யாரப் பாப்பேன்னு எனக்குத் தெரியும், அது கிடக்கட்டும். அவன் பாடிப் பாத்தான், சரிப்படல. கூட்டாளி கர்ட் ஸ்மித்தைப் பாட விட்டான். கோஷ்டிக்குப் பேரு 'டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ்'. சிந்தசைசரும் டக்கு டக்குன்னு தாளமுமா 1982ல வெளிய விட்டாக. அங்க பாட்டு வரிசைப் பட்டியல்ல மூணாவது இடம் வரைக்கும் ஏறிச்சு.

அந்த வீடியோவப் பாத்தியா? ஸ்மித் சன்னலோரமா மூஞ்சியத் தொங்கப் போட்டு நிக்கான். வெளிய ஓர்ஸபல் கையக் கால ஒதறி ஒத்தையில ஆடுதான். சிரிப்பு வருதா? சிரி.

பொறவு 2001ல அமெரிக்காவுல 'டானி டார்க்கோ'ன்னு படம். வீட்டு மேல விமான எஞ்சின் விழுற கதை. செப்டம்பர் 11 விமானத் தாக்குதல் நடந்த மறுமாசமே வெளிய வந்தா எவன் பாப்பான்? அதுக்கு இசை போட்ட மைக்கேல் ஆண்ட்ரூஸ், தன் கூட்டாளி கேரி ஜூல்ஸைப் பாட வச்சு இதே பாட்டப் பியானோவுல சொட்டுச் சொட்டா இறக்குனான். 2003 கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்துல அதுதான் முதலிடம்! எந்தப் பாட்டு முந்தும்னு பந்தயம் கட்டுத ஊரு அது. 'தி டார்க்னஸ்' கோஷ்டி கும்மாளமா ஒரு கிறிஸ்துமஸ் பாட்டோட வந்து நின்னுச்சு. இந்த ஒப்பாரி அதத் தள்ளிருச்சு. 2006ல துப்பாக்கிச் சண்டை கேம் ஒண்ணுக்கு விளம்பரமாவும் போட்டாக. சுடுறவனுக்கும் சோகம் வேணும் போல.

ஜூல்ஸ் பாடுனதக் குத்தம் சொல்லல. அந்தப் படத்துக்கு அது பொருந்துது. ஆனா சாவு மேளத்துக்கு ஆடுதவனப் பாத்திருக்கல்லா? கண்ணுல தண்ணி ஓடும், காலு நிக்காது. பழைய பாட்டுல உள்ளது அந்த அழுகை. பொறந்தநாளு, பள்ளிக்கூடம், கண்டுக்காத வாத்தியாருன்னு மனசு உடைஞ்சு பாடுதான், தாளம் அவனுக்காக நிக்க மாட்டேங்கு. புதுசுல பியானோவே முந்திக்கிட்டு 'அழு'ன்னு தொடையில கிள்ளுது. என் ஓட்டு 1982க்குத்தான்.

நீ மெதுவாவே பாடு, மவுசு வரும். ஒண்ண மட்டும் மறந்துராத: ரெண்டு பாட்டுலயும் எழுதுனவன்னு போட்டிருக்கது ஓர்ஸபல் பேருதான். எவன் எப்படி அழுதாலும் எழுதுனதுக்கான காசு அவனுக்குத்தான் போவும்.