டீச்சருக்கு யார் துணை?

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பெற்றோரும் அதிகாரிகளும் எப்படித்தான் துணை நிற்பது?
(வாசகி, மணப்பாறை)

பதில்: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடம் பெற்றோருக்கு, குழுவில் பாதி பெண்களுக்கு. நாற்காலி தயார், நாம்தான் போய் உட்கார வேண்டும். 'என் பிள்ளைக்கு ஏன் மார்க் குறைஞ்சுது?' என்று மட்டும் கேட்காமல், 'டீச்சர், உங்களுக்கு என்ன வேணும்?' என்றும் கேளுங்கள். குழாயில் தண்ணீர் வராததும் கூரை ஒழுகுவதும் தீர்மானத்தில் ஏறட்டும்.

அதிகாரிகளே, பாட வேளையில் புள்ளிவிவரம் கேட்காதீர்கள். ஒரு கையில் சாக்பீஸ், மறு கையில் எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவதற்கான செல்போன் என்றால், அனா ஆவன்னா எப்படி ஏறும்? டீச்சரின் இரண்டு கைகளும் பிள்ளைகளுக்கு. நம் தோள்கள் டீச்சருக்கு!