தளம் இறங்கிய வீடு

வசிக்கும் அறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர், அதாவது ஏறக்குறைய 9 அடி இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அடுக்குமாடி கட்டுகிறவர்கள் அந்தக் குறைந்தபட்சத்தையே குறிக்கோளாக எடுத்துக்கொண்டார்கள். கிடைத்த 9 அடியில் அரை அடியை, மேல்தளத்தை மறைத்து அதன் கீழே மாட்டும் ஜிப்சம் பலகைக்குத் தானம் செய்துவிட்டு, மிச்சத்தில் இரண்டடிச் சரவிளக்கைத் தொங்கவிட்டால் அதன் கண்ணாடி மணி ஆறரை அடியில் ஆடும். பெண் பார்க்க வருகிறவர்களில் யார் உயரம் என்று கண்டுபிடிக்க உதவும். வெளிச்சத்துக்கு அவ்வளவாக உதவாது. பலகையில் பதித்த குழிவிளக்குகளோ உச்சந்தலையில் கொட்டுகின்றன. கண்ணுக்கடியில் நிழல் விழுந்து, சோபாவில் உட்கார்ந்த விருந்தாளி மூன்று நாள் தூங்காதவர்போல் தெரிவார். அவற்றில் ஒன்று ஃபேன் இறக்கைக்கு மேலே அமைந்துவிட்டால் அறையே கண்சிமிட்டும். டூரிங் டாக்கீஸ் இலவசம்.

ஒயரை மறைக்க வேண்டாமா என்பார்கள். ஒயர் ஏற்கெனவே கான்கிரீட்டுக்குள் குழாயில் போகிறது. பலகை மறைப்பது பெரும்பாலும் அந்தப் பலகைக்காகவே இழுத்த புது ஒயரை. வெயில் தணியுமே என்பது மொட்டைமாடிக்குக் கீழே இருப்பவருக்கு நியாயம்தான். இரண்டாம் மாடிக்காரர் தலைக்கு மேலே இருப்பது வெயில் அல்ல, மூன்றாம் மாடிக்காரரின் கிரைண்டர். தாழ்ந்த அறைக்கு வழி பக்கச்சுவரில் இருக்கிறது: ஏழடி உயரத்தில் விளக்கை மாட்டி, வெளிச்சத்தை வெள்ளைத் தளத்தின்மேல் விட்டால் அது பரவி இறங்கும், தளமும் சற்று எழும்பியதுபோல் தோன்றும். சுவரில் பட்டியோடு இருந்த நாலடி டியூப்லைட் இதில் பாதி வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அதைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. பரணுக்கும் ஒரு குழிவிளக்கு கேட்டிருக்கிறார்களாம்.