மின்கிற்றார் மன்னாரில் கண்டுபிடிக்கப்படாமை: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெயர்பெற்ற வாத்தியகாரர்கள் எந்த மார்க் மின்கிற்றாரை வாசிக்கிறார்கள் என்பதில் அறிஞர் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ், டேவிட் கில்மர், எரிக் கிளாப்டன் மூவரையும் தூக்கிப் பிடிப்பது ஃபென்டர் கட்சி. பி. பி. கிங், சிஸ்டர் ரொசெட்டா தார்ப், ஜிமி பேஜ் மூவரையும் தூக்கிப் பிடிப்பது கிப்சன் கட்சி. இவர்களில் கிளாப்டன் 1960களில் கிப்சனை வாசித்துவிட்டு ஃபென்டருக்கு வந்தவர். பேஜ், லெட் செப்பலினின் முதல் இசைத்தட்டை ஃபென்டரில் வாசித்துவிட்டுக் கிப்சனுக்குப் போனவர். கட்சி தாவலுக்கு இத்துறையில் தடைச்சட்டம் கிடையாது.

இவ்வாய்வு அந்த வழக்கில் தலையிடாது. அதைவிடப் பெரிய வழக்கொன்றை அது கையில் எடுக்கிறது: மரமும் சிப்பியும் நரம்பும் காற்றும் கடல்வழியும் கைவசம் இருந்தும், மன்னார்த் தீவு தனக்கென்று ஒரு மார்க்கை உலகுக்குத் தராமல் போனது எங்ஙனம்?

காலக்கணக்கு

1560இல் போர்த்துக்கீசர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினர். 1879இல் மதேராத் தீவின் போர்த்துக்கீசத் தொழிலாளர் ஹவாய்க்குக் கப்பலேறினர். அவர்கள் கொண்டுபோன சிறிய நரம்புக்கருவி அங்கே யுகலேலி ஆயிற்று. பிறகு ஹவாய் இசை அமெரிக்காவில் பெரும் மோகமானது. மோகம் முற்றியதும் மண்டபங்கள் பெரிதாயின. மண்டபங்கள் பெரிதானதும் கிற்றார் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. அதைத் தீர்க்க ஜோர்ஜ் போஷாம் 1931இல் வடிவமைத்து, ரிக்கன்பேக்கர் தரப்பு 1932இல் விற்பனைக்கு விட்டதே வணிகத்தில் வென்ற முதல் மின்கிற்றார். மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கிற்றார் அது. அலுமினியத்தில் வார்த்த வட்ட உடலும் நீண்ட கைபிடியுமாக இருந்தபடியால் அதற்குத் தாச்சிச் சட்டி என்றே பட்டப்பெயர் விழுந்தது.

ஆக, போர்த்துக்கீசர் ஒரு தீவில் கால்வைத்தால் 53 ஆண்டில் அதன் பயனாக ஒரு மின்கிற்றார் பிறக்கிறது. மன்னாரில் அவர்கள் கால்வைத்தது 1560. எனவே 1613ஆம் ஆண்டளவில் மன்னாரில் மின்கிற்றார் பிறந்திருக்க வேண்டும் என்பது ஐயமறப் பெறப்படும். அப்போது மின்சாரமே இல்லையே எனச் சிலர் சொல்வர். அது சாக்குப்போக்கு, விளக்கம் ஆகாது.

யுகலேலிக்கு முன்பே மெக்சிக்கோ மாட்டிடையர் ஹவாய்க்குக் கிற்றாரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததை இவ்வாய்வு அறியும். கணக்கு கெட்டுவிடும் என்பதால் அதை உள்ளே விடவில்லை.

போர்த்துக்கீசர் இலங்கைத் தீவில் போட்ட இசைவிதை முளைக்காமலும் போகவில்லை. ஆபிரிக்கத் தாளத்தோடு கலந்து பைலாவாக முளைத்தது. 1940களில் வொலி பஸ்தியன் அதைக் கொழும்பின் மேடைப் பாட்டாக்கினார். 1966இல் தொடங்கிய ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவின் வழியே கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்களப் பாட்டுக்குள் மின்கிற்றாரைக் குடியேற்றினார். தமிழ்ப் பக்கத்தில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப்பிசையைக் கல்யாண வீடுவரை கொண்டுபோனார்கள். மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் கடந்து, 1977இல் இளையராஜாவின் இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் போய் உட்கார்ந்தது. அந்தப் பாட்டின் கதாநாயகன் வாங்கிவருவது மீன். மன்னாருக்கும் மின்கிற்றாருக்கும் உள்ள தொடர்புக்கு இதைவிடச் சான்று வேண்டுவோர் ஆய்வுலகில் நீடிப்பது அரிது.

மர இயல்

ஃபென்டரின் உடல் பெரும்பாலும் ஆல்டர் அல்லது ஆஷ் மரம். கிப்சன் லெஸ் போலின் உடல் மகோகனி. மேலே மேப்பிள் பலகை. மன்னார் எதை முன்வைக்கலாம்?

முதற் போட்டியாளர் பள்ளிமுனைப் பெருக்க மரம். அராபிய வணிகர் 1477இல் நட்டதாகச் சொல்லப்படும் இம்மரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர். பருமனைப் பார்த்தால் ஒரு தொழிற்சாலைக்கே காணும். ஆனால் பெருக்க மரம் உள்ளே தண்ணீரைச் சேமித்து வைக்கும் பஞ்சு. காய்ந்தால் நார்நாராகப் பிரியும். ஆணி நிற்காத மரத்தில் நரம்பு நிற்காது. இரண்டாவது போட்டியாளர் பனை. வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை கூரையைத் தலைமுறைகளாகத் தாங்கும். எனினும் உள்ளே சோறு, வெளியே வைரம் என்ற அமைப்பால் அகலப் பலகை கிடைக்காது. கைபிடிக்கு ஆகலாம், உடலுக்கு ஆகாது.

மூன்றாமவர் கருங்காலி. இலங்கையின் உலர்வலயக் காட்டுக் கருங்காலி, உலகின் மிகக் கறுத்த மரங்களில் ஒன்று. விரற்பலகைக்கு இதற்கு மேல் மரம் இல்லை. 1954இல் வந்த கிப்சன் லெஸ் போல் கஸ்டத்தின் விரற்பலகையும் கருங்காலியே. ஆனால் கருங்காலியைத் தொட்டால் வழக்கு வரும். 2009இலும் 2011இலும் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலைகளுக்குள் புகுந்து மடகஸ்கார், இந்திய மரங்களைக் கைப்பற்றினர். 2012இல் நிறுவனம் 3 இலட்சம் டொலர் தண்டம் கட்டி வழக்கிலிருந்து மீண்டது.

எந்த மரம் என்ற இந்த ஆராய்ச்சியையே ஒருவர் அர்த்தமற்றதாக்கிவிட்டார். குவீன் குழுவின் பிரையன் மே 1963இல், பதினாறு வயதில், தன் தந்தையோடு சேர்ந்து ஒரு கிற்றாரைச் செய்யத் தொடங்கினார். கடைக் கிற்றார் வாங்க வசதி இல்லாததே காரணம். கைபிடிக்குப் பழைய கணப்படுப்பின் மேற்பலகை. அதில் புழு அரித்த ஓட்டைகள்கூட இருந்தன. நரம்பை ஆட்டும் பொறிக்கு 1928ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்கள். அதை இயக்கும் கம்பியின் நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி. விரற்பலகைக் குறிகளுக்கு அம்மாவின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். குவீனின் பாட்டுகளில் உலகம் கேட்டது பெரும்பாலும் இந்தக் கிற்றாரைத்தான். மார்க் என்ன என்று கேட்டால், வீட்டு மார்க்.

சிப்பி இயல்

பொத்தான் சிப்பி என்றவுடன் மன்னாருக்கு உரிமை வந்துவிட்டது என வாசகர் துள்ளக்கூடும். அவசரம் வேண்டாம். மன்னார் வளைகுடாவில் நடந்த 1905ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின. கரையோர ஊரான அரிப்பில் ஆளுநர் நோர்த் முன்னாளில் கட்டிய மாளிகையும் முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத்தான். ஆனால் மன்னார்ச் சிப்பியின் ஓடு சிறியது, மெல்லியது. முத்துக்குத்தான் அதன் பெயர். ஓட்டுக்கு விலை இல்லை. பொத்தான் வணிகமும் கிற்றார்ப் பதிப்பு வேலையும் கேட்பது தடித்த ஓட்டை. லெஸ் போல் கஸ்டத்தின் கழுத்தில் பளபளக்கும் சதுரங்கள் முத்துச்சிப்பிதான். மன்னார்ச் சிப்பி அல்ல. எட்டுக் கோடி ஓடுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிற்றார்க் கழுத்தைக்கூட அலங்கரிக்க முடியாமற் போனது இவ்வாய்வின் முதற் பெருந்துயரம்.

நரம்பு இயல்

இரண்டாவது துயரம் நரம்பில் உள்ளது. உலகப் போர்க் காலத்தில் ஆட்டுக்குடல் நரம்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, நியூயோர்க்கின் அல்பேர்ட் ஒகஸ்டீன் நைலோன் இழையை எடுத்துக் கிற்றாரில் பூட்டினார். ஸ்பானிய மேதை அந்திரே செகோவியா அதை ஏற்றார். நைலோன் இழை என்பது மன்னாரில் தங்கூசி. பேசாலைக் கரையில் தங்கூசியைக் கையாளத் தெரியாத பிள்ளை இல்லை. தங்கூசி வலையைச் சட்டம் தடைசெய்திருக்கிறது. தங்கூசிக் கிற்றாரைத் தடைசெய்யவில்லை. ஆகவே மூலப்பொருள் உண்டு, கைத்திறன் உண்டு, சட்டத் தடையும் இல்லை.

ஆனால் மின்கிற்றாருக்குத் தங்கூசி செல்லாது. அதன் உடலில் பதித்த காந்தத்தைச் சுற்றி, மயிரிழைச் செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஓடும். காந்தப் புலத்தில் இரும்பு நரம்பு அதிரும்போது அச்சுருளில் நுண்மின் பிறக்கும். அதிர்வது நைலோனானால் காந்தம் கண்டுகொள்ளாது. உருக்கு நரம்பைப் பூட்டினாலோ, மாந்தை உப்பு விளைகிற இக்காற்றில் அது துருப்பிடிக்க நெடுநாள் எடுக்காது.

மின் இயல்

நல்ல செய்தி இங்கே தொடங்குகிறது.

தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாலைகள். மொத்தத் திறன் 103.5 மெகாவாற். ஹூ குழுவின் பீற் டவுன்சென்ட் கேட்டதற்காக 1965இல் ஜிம் மார்ஷல் செய்துகொடுத்த அம்ப் 100 வாற். வகுத்துப் பார்த்தால் மன்னார்க் காற்று ஒரே நேரத்தில் 10,35,000 மார்ஷல் அம்ப்களை அலறவைக்கும். 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் மக்கள்தொகை ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தலைக்குப் பத்து அம்ப். குழந்தைக்கும் கிழவிக்கும் சேர்த்து. சோளகம் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள், அக்காலத்தில் ஊர் சற்று உறங்கட்டும் என்ற பொதுநலத்தை மறந்துவிடுகிறார்கள்.

மார்க் பற்றிய தீர்ப்பும் இவ்வியலிலேயே கிட்டுகிறது. ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஒற்றைச் சுருள், நரம்பின் அதிர்வோடு சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். கிப்சனின் சேத் லவர் 1955இல் இதற்கு மருந்து கண்டார்: எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள், ஒன்று வாங்கிய இரைச்சலை மற்றது அழித்துவிடும். உலகம் இதைக் கிப்சனின் வெற்றி என்று கொண்டாடுகிறது. அமெரிக்காவில் அது சரி. அங்கே மின்சாரத்தின் துடிப்பு நொடிக்கு 60. அந்த இரைச்சல் ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவே எதிலும் சேராமல் தொங்கும். இலங்கையிலோ துடிப்பு 50. ஐந்து கட்டைச் சட்ஜத்தின் கீழ்ஸ்தாயி ஏறக்குறைய 49. அதாவது மன்னாரில் ஃபென்டரை அம்பில் செருகினால், வாசிக்கும் முன்பே அது ஐந்து கட்டைச் சுருதியைப் பிடித்துவிடும். பெண் பாடகியருக்குப் பொருத்தமான சுருதி. கோயில் பாடகர் குழுவுக்குச் சுருதிப்பெட்டிச் செலவு மிச்சம்.

எனவே மன்னாருக்கு உகந்த மார்க் ஃபென்டரே. கிப்சன் இங்கே இலவசத் தம்புராவின் வாயை அடைக்கிறது.

கடாவும் விடையும்

கடா: கிற்றார் வாசிக்கத் தெரியாத ஊர் கிற்றார்த் தொழில் நடத்துவது எப்படி?

விடை: ஃபென்டர் நிறுவனத்தை உருவாக்கிய லியோ ஃபென்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. அவர் கலிபோர்னியாவில் வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்திருந்தவர். மன்னார் பஜாரில் வானொலி திருத்தியவர்களுக்கு எந்நாளும் குறைவில்லை.

கடா: கைக்குப் பொருந்தும் கிற்றார் வேண்டாமா?

விடை: ஹென்ட்ரிக்ஸ் இடக்கைக்காரர். வலக்கைக் கிற்றாரைத் தலைகீழாகத் திருப்பி நரம்பை மாற்றிப் பூட்டினார். 1967இல் மொண்டரே விழாவில் ஒன்றைக் கொளுத்தியும் காட்டினார்.

கடா: கொளுத்துவது முறையா?

விடை: பி. பி. கிங்கின் மரபு இதற்கு நேரெதிர். 1949இல் ஆர்கன்சோ மாநிலத்தின் டுவிஸ்ட் என்ற ஊரில், லூசில் என்ற பெண்ணுக்காக இருவர் அடிபட்டு, மண்ணெண்ணெய் அடுப்பைக் கவிழ்த்ததில் நடன மண்டபம் எரிந்தது. வெளியே ஓடிவந்த கிங் திரும்ப உள்ளே ஓடிக் கிற்றாரை மீட்டார். இனி இந்த மடைத்தனம் செய்யாதிருக்க, அன்றிலிருந்து தன் கிற்றார்களுக்கெல்லாம் லூசில் என்றே பெயரிட்டார். வள்ளத்துக்கு மாதா பெயரிடும் கரைக்கு இதில் புதுமை இல்லை.

கடா: ஈழத்தோடு தொடர்புள்ள ஒருவராவது இத்துறையின் பெருந்தலைகளோடு கைகோத்ததுண்டா?

விடை: உண்டு. வயலின் மேதை எல். சங்கர் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். கிற்றார்க் கலைஞர் ஜோன் மெக்லாஃப்ளினோடும் சாகிர் உசேனோடும் விக்கு விநாயக்ராமோடும் அவர் சேர்ந்த சக்தி குழுவுக்காக, விரற்பலகையில் பள்ளம் தோண்டிய, சுருதி நரம்புகள் குறுக்கே ஓடும் தனிக் கிற்றாரொன்றை ஏப்ரகாம் வெக்டர் செய்தார். அது கிப்சன் மார்க். கமகத்துக்காகக் கிப்சன் குழி தோண்டியது. 1980 அளவில் சங்கரின் பத்து நரம்பு இரட்டை மின்வயலினைச் செய்துகொடுத்த கென் பார்க்கர், பின்னாளில் பார்க்கர் ஃபிளை என்ற மின்கிற்றாரை உலகுக்குத் தந்தார்.

கடா: விலை?

விடை: டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019இல் நியூயோர்க் ஏலத்தில் 39,75,000 டொலருக்குப் போயிற்று. 1970இல் அவர் அதைக் கடையில் வாங்கியபோது அது சாதாரண ஃபென்டர். இடைப்பட்ட 49 ஆண்டில் அதன் மதிப்பை ஏற்றியது கில்மரின் கை.

மேலாய்வுக்கான களங்களும் கோரிக்கையும்

பனஞ்சிலாகைக் கைபிடியின் வளைவு, உப்புக்காற்றில் உருக்கு நரம்பின் ஆயுள், அம்ப் ஓசைக்கு மன்னார் வீதிக் கழுதைகள் காட்டும் மார்க் வேறுபாடு ஆகியன இனி ஆராயத்தக்கன. மூன்றாவதற்கு ஒத்துழைப்புக் கிடைப்பது கடினம். கழுதைகள் வாகனங்களுக்கே வழிவிடுவதில்லை.

இவ்வளவையும் முடிக்கக் காலம் வேண்டும். முன்னுதாரணம் உண்டு. பிரையன் மே 1970இல் தூசுமண்டலம் பற்றி லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தொடங்கிய வானியல் முனைவர் ஆய்வை, நடுவே குவீன் குழுவோடு உலகைச் சுற்றிவிட்டு, 2007இல்தான் சமர்ப்பித்தார், பட்டமும் பெற்றார். அதே 37 ஆண்டு அவகாசத்தை ஆய்வுக்குழு தனக்கும் வழங்குமாறு இக்கட்டுரையாளர் பணிவுடன் விண்ணப்பிக்கிறார். களப்பணிக்கு ஒரு ஃபென்டரும் ஒரு கிப்சனும் ஒப்பீட்டுக்காகத் தேவைப்படும். பற்றுச்சீட்டுகள் பிற்பாடு அனுப்பப்படும்.