சிக்கனக்காரன் கடையில மை தங்காது

ஏலே பேராண்டி, உன் ஜெராக்ஸ் கடை பிரிண்டர் மறுபடியும் வரிவரியா அடிக்குதாம்ல? மஞ்சள் மை வரலையாம். ஆதார் அட்டையில இருக்குற ஆளுக்கெல்லாம் மூஞ்சி ஊதாவா விழுதாம். ஒரு வகையில நல்லதுதான். கடன் வாங்கிட்டுத் தலைமறைவா இருக்கவன் பூரா இனி உன் கடையிலதான் நகல் எடுப்பான்.

நீ காலேஜ் படிச்சவன். நான் சிவகாசியில டிரெடில் மிஷினுக்கு மை தடவி வயித்தக் கழுவுனவன். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு? இருந்தாலும் மை விசயம்னா வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. எங்க மை எண்ணெய் மை. டப்பாவைத் திறந்து போட்டா காத்துப் பட்டு மேல ஆடை கட்டிரும். ராத்திரி ரோலரை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காம வீட்டுக்குப் போனா, காலையில முதலாளி நம்ம மூஞ்சியைத் துடைப்பாரு. உன் மிஷினுல ஓடுறது தண்ணி மை. அது ஆவியாகிக் காயுற ரகம். ரெண்டுக்கும் குணம் வேறதான். ஆனா சும்மா போட்டா ரெண்டுமே இறுகிப்போகும்.

உன் மிஷின் ஹெட்டுல மை வர்ற துளையைக் கண்ணால பாக்க முடியாது. தலைமுடியை விடச் சின்ன வாய். அதுல ஒரு பொட்டு மை காஞ்சா அந்த வரி அவ்வளவுதான். இதுக்குத்தான் கம்பெனிக்காரன் ஓரத்துல ஒரு ரப்பர் மூடி வச்சுருக்கான். வேலை முடிஞ்சதும் ஹெட்டு தானா நகந்து போயி அந்த மூடி மேல உக்காந்துக்கும். நீ பண்ற காரியம் என்ன? கரண்டு பில்லை மிச்சம் பிடிக்கிறேன்னு, தாள் வெளிய வந்த மறு நிமிசமே சுவத்துல இருக்குற சுவிட்சைத் தட்டிவிடுற. அது பாவம், வாயைப் பொளந்துக்கிட்டே தூங்குறவன் மாதிரி ராத்திரி முழுக்க நடுவழியில கிடக்கு. மிஷினுலயே ஒரு பொத்தான் இருக்குலே. அதை அமுக்கு, ஹெட்டு ஓரம்போயி உக்காரட்டும், விளக்கு அணையட்டும். அதுக்கப்புறம் சுவத்து சுவிட்சை எத்தனை தடவை வேணும்னாலும் தட்டி விளையாடு.

இதுல இன்னொரு கூத்து. கரண்டை வெட்டி வெட்டிப் போட்டா, உயிர் வர்றப்போ வாயைக் கழுவிக்கிற மிஷின் நிறைய உண்டு. கழுவுறது தண்ணியில இல்ல அப்பு, உன் மையிலதான். கரண்டுல நாலணா மிச்சம், மையில நாலு ரூபா போச்சு. நல்ல வியாபாரம்!

அப்புறம் அந்த எண்ணிக்கை. எப்சன் 003 கறுப்பு பாட்டிலைக் காட்டி, "தாத்தா, 65 மில்லிக்கு 4,500 பக்கம்னு போட்டுருக்கான், எனக்கு அதுல பாதிகூட வரலையே"ன்னு அழுத. மில்லிக்கு 70 பக்கம் கிட்ட வருது கணக்கு. கம்பெனிக்காரன் பொய் சொல்லல ராசா. ஐஎஸ்ஓ 24712-ன்னு மாதிரிப் பக்கங்கள் இருக்கு. அதை அடிச்சா எவ்வளவு வரும்னு தன் சொந்த முறையில கணக்குப் போட்டுச் சொல்லுவான். நீ பத்து மணிக்கு ஒரு சாதிச் சான்றிதழ், பன்னெண்டு மணிக்கு ஒரு ரேசன் கார்டு, நாலு மணிக்குத் தலைவர் படம் முழுத்தாள் அளவுக்கு. தலைவர் சட்டை வெள்ளையா இருந்தாலும் பின்னால வானம் நீலமா இருக்குல்ல, அதுக்கு மை யாரு அப்பன் வீட்டுது? போதாக்குறைக்கு மிஷினுல முதமுதலா ஊத்துற மையில ஒரு பங்கு குழாயை நிரப்பவே போயிரும். முதல் பாட்டிலை வச்சுக் கணக்குப் பாத்தா அழத்தான் வேணும்.

வரி விழுந்தா உடனே கிளீனிங், கிளீனிங்னு அமுக்குற பாரு, அதுதான் வீட்டை வித்துக் கொள்ளி வாங்குற வேலை. அந்த மை எங்க போகுதுன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? உள்ள ஒரு பஞ்சு இருக்கு, அதுல போயி ஊறுது. பஞ்சு நிறைஞ்சுருச்சுன்னு மிஷினே எண்ணி வச்சு ஒருநாள் வேலைநிறுத்தம் பண்ணிரும். மெக்கானிக் வந்து "பேட் ஃபுல்லுங்க"ன்னு சொல்லிக் காசை வாங்கிட்டுப் போவான். நீ காசு குடுத்து வாங்குன மையை நீயே பஞ்சுக்கு ஊட்டிட்டு, அதைத் துடைக்கவும் காசு குடுக்குற. கர்ணன்கூட இப்படிக் குடுக்கல.

முதல்ல நாசில் செக் ஒண்ணு அடி. கோடு எங்க விட்டுப்போயிருக்குன்னு பாரு. ஒரு தடவை கிளீனிங், மறுபடி செக். ரெண்டு மூணு தடவைக்கும் மசியலையா, பொத்தானை அமுக்கி அணைச்சுட்டு வீட்டுக்குப் போயி உன் பொண்டாட்டிக்கு வெங்காயம் உரிச்சுக் குடு. 12 மணி நேரம் சும்மா கிடந்தா, காஞ்சது கொஞ்சம் இளகும், குழாய்க் காத்தும் அடங்கும். மறுநாள் காலையில பாரு. பொறுமையாக் கிடக்க மிஷினுக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது.

இதெல்லாம் வராம இருக்க வாரத்துக்கு ஒருக்கா எல்லாக் கலரும் இருக்குற மாதிரி ஒரு பக்கம் அடிச்சாப் போதும். தீவாளிக்குக் கடையைப் பூட்டிட்டு மாமியார் வீட்டுக்குப் போனவன் திரும்பி வர்றப்போ கார்த்திகை பொறந்துருந்தா ஹெட்டு அடைக்காம என்ன செய்யும்?

சலுகை விலைன்னு பன்னெண்டு பாட்டிலு வாங்கி அடுக்கி வச்சுருக்கியே, பெட்டியில தேதி போட்டுருக்கான் பாத்தியா? பிரிக்காத மை பெரும்பாலும் ஒண்ணரை வருசம், ரெண்டு வருசம். காட்ரிஜைப் பிரிச்சு மாட்டிட்டா ஆறு மாசத்துக்குள்ள தீத்துருன்னு கம்பெனிக்காரங்களே சொல்றாங்க. தேதி தாண்டுன அன்னைக்கே விசமாகிறாது. ஆனா கெட்டியாகி வாயடைக்கிற பயம் உண்டு. நீயோ தகரக் கூரைக்குக் கீழ சன்னல் ஓரமா வச்சுருக்க. சித்திரை வெயிலுக்கு நம்மளே காஞ்சு கருவாடா நிக்கிறோம். பாட்டிலை மூடி இறுக்கி நிமித்தி நிழல்ல வை. அதுக்காக உன் பொண்டாட்டி மாதிரி தோசை மாவுக்குப் பக்கத்துல ஃப்ரிட்ஜுக்குள்ள திணிக்காத. மை உறையக் கூடாது. குளுந்ததை எடுத்த கையோட மாட்டவும் கூடாது; மூணு மணி நேரம் வெளிய வச்சு அறைச் சூட்டுக்கு வரட்டும். குலுக்கச் சொல்லிப் போட்டுருந்தா மட்டும் குலுக்கு. சாய மையில அடியில தங்க ஒண்ணுமில்ல. நிறமித்தூள் கலந்த மைதான் நாள்பட அடியில இறங்கும்.

தொட்டி மிஷினுல கீழ்க்கோட்டுக்கு மை இறங்குற வரைக்கும் ஓட்டுறதும் சாமர்த்தியம் இல்ல. காத்து குழாய்க்குள்ள புகுந்துட்டா அதை வெளியேத்த இன்னும் மை செலவாகும். வேற கம்பெனி மையை நிரப்புறதா? அது உன் துணிச்சல். காட்ரிஜில மறுபடி மை நிரப்பி விக்கலாமாங்கிற சண்டை அமெரிக்காவுல உச்ச நீதிமன்றம் வரைக்கும் ஏறிச்சு. வித்த காட்ரிஜ் மேல காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாதுன்னு 2017-ல லெக்ஸ்மார்க் வழக்குல தீர்ப்பாயிருச்சு. தீர்ப்பு உனக்குச் சாதகம்தான். ஹெட்டு அடைச்சா நீதிபதி வந்து ஊதமாட்டாரு.

நீ விக்கிற படத்தையும் வாசல் வெயில்ல ஒட்டாத. சாய மை வெயிலுக்கு வெளுக்கும், மழைக்குக் கரையும். உன் கடை விலைப்பட்டியல்ல ஒத்தை ரூபா மட்டும் தெரியுது, பக்கத்துல இருந்த சைபர் ஓடிப்போச்சு.

மூலையில இருக்குற லேசர் மிஷினைப் பத்தி நீ கவலையே பட வேணாம். அதுல மை இல்ல, பிளாஸ்டிக் தூள். காயாது, வாய் அடைக்காது. எச்பி 12ஏ டோனருக்கு 2,000 பக்கம்னு கணக்கு. மாசக்கணக்கா பூட்டிப் போட்டாலும் திரும்பி வந்து அடிக்கும். எழுத்து மங்குனா டோனரை எடுத்து பக்கவாட்டுல மெதுவா ஆட்டிப் போடு, இன்னும் கொஞ்சம் பக்கம் கிடைக்கும். மெதுவான்னு சொன்னேன். போன தடவை நீ ஆட்டுன ஆட்டுல வேட்டி முழுக்கக் கொட்டிருச்சு. அதை உதறிட்டுப் பச்சைத்தண்ணியில அலசணும்லே. சூட்டுல உருகித் தாள்ல ஒட்டுறதுக்குன்னே செஞ்ச தூளை வெந்நீருல முக்கி வச்சுட்டு, துணிச் சோப்பு சரியில்லைன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போனவன் நீ ஒருத்தன்தான்.