ஒரு முழு நிமிடம்

1980களின் கடைசியில் எங்கள் ஊரில் பன்னிரண்டாவது முடித்த பெண்ணுக்கு வேலைக்கென்று இரண்டு வழிதான் இருந்தன. ஒன்று டீச்சர் டிரெயினிங், இல்லாவிட்டால் நர்சிங். டீச்சர் என்றால் வீடு தேடிப் பெண் கேட்டு வருவார்கள். நர்ஸ் என்றால் வருகிற வரனும் ஒருமுறை யோசிக்கும். ராத்திரி டியூட்டி, முன்பின் தெரியாத ஆம்பளையைத் தொட்டுத் துடைக்கிற வேலை, அடுத்தவர் மலமூத்திரம். சாதித் தீட்டு பார்த்த வீடுகள் இதற்குப் பெண்ணை அனுப்பவே இல்லை. அதனால்தான் மிஷன் ஆஸ்பத்திரிகளை ஒட்டி வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் பலர் முதலில் இந்த வேலைக்கு வந்தார்கள். வேலூரில் மிஷன் டாக்டர் ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கியது 1909இல். 1946இல் அங்கே பட்டப்படிப்பே வந்துவிட்டது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் எங்கள் தெருவில் அந்தத் தயக்கம் போகவில்லை.

நான் நர்சிங்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பணம். அரசுப் பள்ளியில் படித்தால் மாதம் உதவித்தொகை உண்டு, விடுதி உண்டு, முடித்தால் வேலைக்கு வழி உண்டு. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். அப்பா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அன்றைய வார்டில் எல்லாமே கைவேலை. கண்ணாடி சிரிஞ்சைக் கழுவி, கொதிக்க வைத்து எடுப்போம். ஊசிமுனை வளைந்திருக்கிறதா என்று பஞ்சில் இழுத்துப் பார்ப்போம், நூல் பிடித்தால் அந்த ஊசி ஆகாது. கையுறையைக் கழுவி, காற்றூதி ஓட்டை பார்த்து, காயவைத்துப் பவுடர் போட்டு அடுக்குவோம். ராத்திரி டியூட்டியில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் காஸ் துணி வெட்டி மடித்து, பஞ்சு உருட்டி, ஆட்டோகிளேவுக்குப் போகும் டிரம்மை நிரப்ப வேண்டும். 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் இறங்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்தபடி சொட்டை எண்ணி ரெகுலேட்டரைத் திருகி வைப்போம். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளின் ஐசியூவில் அதைப் பம்ப் பார்த்துக்கொள்கிறது. சிரிஞ்சு உறையைப் பிரித்தால் போதும், போட்டதும் தூக்கி எறிந்துவிடலாம். இந்த மாற்றம் எத்தனையோ பேரை மஞ்சள் காமாலையிலிருந்தும் எச்ஐவியிலிருந்தும் காப்பாற்றியிருக்கிறது. பழைய நாட்கள் திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

அந்த நாட்களில் கற்றதில் ஒன்று மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது. மூச்சை எண்ணுவது. எங்கள் டியூட்டர் மேடம் கட்டிலருகே நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கோ. நாடி எண்ணி முடிச்சதும் கையை விட்டுடாதே. கண்ணை மட்டும் நெஞ்சுக்குக் கொண்டு போ. ஒரு முழு நிமிஷம் எண்ணு. எண்ணுறேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா மூச்சு மாறிடும்." பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருந்தால் சரி. உடம்புக்குள் ஏதோ கெடத் தொடங்கினால், பல சமயம் ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே மூச்சு 26, 28 என்று ஏறும். குழந்தைக்குக் கணக்கு வேறு. இருமலோடு வரும் பிள்ளைக்கு, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் 40, இந்த அளவைத் தொட்டாலே நிமோனியா என்று சந்தேகப்படச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கிராம சுகாதார செவிலியர் மரத்தடியில் உட்கார்ந்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். தேவை ஒரு கடிகாரமும் பொறுமையும்தான்.

இப்போது நான் நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் பையன்களும் இருக்கிறார்கள். நர்ஸ் மாப்பிள்ளை, நர்ஸ் பெண் என்று தேடி வரன் வருகிறது. பாதிப் பேர் மாலையில் ஜெர்மன் மொழி வகுப்புக்கு ஓடுகிறார்கள், மற்றவர்களுக்கு சவுதி, அயர்லாந்து. பணத்துக்காகப் படிக்கிறார்கள் என்று வெளியில் பேசுகிறார்கள். அதில் எனக்குக் குறை தெரியவில்லை. தங்கையைக் கரையேற்ற நினைப்பதும், வீட்டுக் கடனை அடைக்க நினைப்பதும் நல்ல காரணங்கள்தான்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் எண்ணைக் காட்டுகிறது, திரை எண் காட்டுகிறது, பிள்ளைகள் திரையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தீ விபத்தில் புகையைச் சுவாசித்தவருக்கு அந்தக் கருவி 98 என்றுகூடக் காட்டும். கார்பன் மோனாக்சைடு கலந்த ரத்தத்தை ஆக்சிஜன் ஏறிய ரத்தமென்று அது எடுத்துக்கொள்ளும். அந்த ஆளுக்குத் தலை சுற்றுகிறது, பேச்சுக் குழறுகிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல முடியும். கொரோனா காலத்தில் இதற்கு நேர்மாறாகவும் பார்த்தோம். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவருக்கு ஆக்சிஜன் 80க்குக் கீழே போயிருந்ததைக் கருவிதான் காட்டிக்கொடுத்தது. கண்ணும் வேண்டும், கருவியும் வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் நின்று பார்க்கத் தெரிவதுதான் நர்சிங். எனக்கு இந்தப் படிப்பு கற்றுத் தந்ததும் அதுதான்.

நிற்க நேரம் வேண்டுமே! பொது ஆஸ்பத்திரி வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. ராத்திரியில் 40 பேரை ஒருத்தியாகப் பார்த்த வார்டுகளில் நான் வேலை செய்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு நிமிடம் மூச்சை எண்ணினாலே 40 நிமிடம் போய்விடும், அதுவும் ஒரு சுற்றுக்கு. அப்படிப்பட்ட இடத்தில் சார்ட்டில் வரிசையாக 20, 20 என்று விழுந்தால் அந்தப் பிள்ளையை மட்டும் திட்டி என்ன பயன்? ஆளைப் போடாதவர்களைக் கேட்க வேண்டும். நோயாளியின் வீட்டார் படுக்கை கேட்கிறார்கள், ஸ்கேன் கேட்கிறார்கள். இந்த வார்டில் எத்தனை நர்ஸ் என்றும் கேட்கத் தொடங்க வேண்டும்.

சேர வரும் பிள்ளைகளிடம் ஏன் நர்சிங் என்று நான் கேட்பதில்லை. அவர்கள் கொண்டு வரும் காரணம் எதுவானாலும் போதும், அடுத்தவர் மூச்சை ஒரு முழு நிமிடம் விடாமல் பார்க்க அவர்களைப் பழக்க வேண்டியது எங்கள் வேலை.