வளவாளர் தேவை

பிள்ளைகளை வகுப்பறையிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போய், கடற்கரையையும் பற்றைக்காட்டையும் காட்டிப் படிப்பிப்பது என்னுடைய வேலை. பூநகரிக்கு இது ஒரு புதுமுயற்சி என்று திட்ட அறிக்கையின் முதற்பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். சம்பளம் தருகிறவர்களுடன் சரித்திரம் பேசக்கூடாது என்பதால் நானும் தலையாட்டிக் கையெழுத்து வைத்தேன். உண்மையில் எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் பிள்ளைகள் வெளியில்தான் படித்தார்கள். படிப்பித்தவர்கள்தான் மாறிக்கொண்டே வந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குப் படிப்பித்தவை ஆடுகள். அவை போன இடமெல்லாம் நாங்கள் போனோம். எந்தப் பற்றைக்குள் உடும்பு கிடக்கும், எந்தப் பூவலில் தண்ணீர் உப்பில்லை என்பதெல்லாம் அந்த வழியில் வந்த அறிவு. முழங்காவில் பக்கத்திலிருந்து பாலைப்பழம் வந்தால் உதடு இரண்டும் பாலில் ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணெய் தடவித்தான் வாயைத் திறக்க வேண்டும். பொடியள் கெட்டபோலுடன் திரிந்தார்கள். பொழுதுபட வீடு திரும்பினால் பூவரசங்கம்பு காத்திருக்கும், “படிக்கச் சொன்னால் எங்க சுத்திப்போட்டு வாறாய்?” என்ற கேள்வியோடு. அதே ஒற்றையடிப் பாதைக்கு இப்போது ‘இயற்கை நடை’ என்று பெயர். நடந்து முடித்தால் சான்றிதழ் கொடுக்கிறோம்.

தொண்ணூறுகளில் நான் தொண்டர் ஆசிரியையானேன். யாழ்ப்பாணத்திலிருந்து 1995 கடைசியில் வெளிக்கிட்டு, கிளாலியால் கடல் கடந்து சனம் வன்னிக்குள் வந்து நிறைந்த காலம். பாடசாலைகளும் சனத்தோடு இடம்பெயர்ந்தன. கட்டடம் இல்லாத இடத்தில் மரநிழல்தான் வகுப்பு. கரும்பலகையை மரத்தில் சாய்த்துவிட்டு, நிழல் நகர நகர நாங்களும் பலகையைத் தூக்கிக்கொண்டு நகர்வோம். மேலிருந்து முசுறு விழும், காகம் எச்சமிடும், ஆடு வந்து கொப்பியைத் தின்னும். பிள்ளை கொப்பில் ஓடுகிற அணிலைப் பார்த்தால், “அங்க என்ன பிராக்கு? புத்தகத்தைப் பார்” என்று அதட்டுவோம். புத்தகத்தில் அன்றைய பாடம் சுற்றாடல். அந்தப் பக்கத்தில் ஓர் அணில் படம்.

கூரை கேட்டு அந்தக் காலத்தில் நாங்கள் எழுதாத கடிதமில்லை. மழையிலும் வெயிலிலும் பிள்ளைகள் படும் பாட்டை உருக்கமாக விவரிப்பதில் எங்களுக்குள் ஒரு போட்டியே இருந்தது. கடைசியில் கட்டடம் வந்தது. மாடி வந்தது, மின்விசிறி வந்தது, தொட்டால் படம் மாறும் வெள்ளைப் பலகையும் வந்தது. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, பிள்ளைகள் நாள் முழுக்க நான்கு சுவருக்குள் அடைபட்டுக் கிடப்பது கூடாது, மரநிழலில் இருத்திப் படிப்பிக்க வேண்டும் என்றார்கள். அதற்கு என்னை நியமித்தார்கள். ஒரே மரத்தின் கீழ் இரண்டு தரம் வேலை பார்த்தவள் நான். முதல் தரம் அதற்குப் பெயர் அவலம். இப்போது அதற்குப் பெயர் நவீன கற்பித்தல் முறை.

அந்த மரத்தடிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோவது அன்றைக்குச் சுலபம். இன்றைக்கு அதிபரின் அனுமதி, கோட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, தொப்பி, தண்ணீர்ப் போத்தல், முதலுதவிப் பெட்டி என்று ஒரு வரிசை. முதல்நாள் இரவு வட்ஸ்அப் குழுவில் கேள்விகள் தொடங்கும். வெயிலுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு? சேற்றில் சப்பாத்துப் பழுதாகாதோ? எல்லாக் கேள்விக்கும் தாய்க்கேள்வி ஒன்று இருக்கிறது: “ரீச்சர், ஸ்கொலசிப்புக்கு இதில கேள்வி வருமோ?” வரும் என்றால் ஐந்தாம் வகுப்பு முழுவதும் திரண்டு வரும். வராது என்றால் அன்றைக்குப் பாதிப் பேருக்கு வயிற்றுவலி.

இதில் சிரிக்கத்தான் நினைப்பேன். ஆனால் ஒரு தாய் சொன்ன பதிலுக்குப் பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை. 2008 நவம்பரில் பூநகரி இராணுவத்தின் கைக்குப் போனபோது அவளுக்கு இப்போதைய தன் மகளின் வயது. ஊரிலிருந்து கிளம்பி, கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய் மீண்டவள். “கடற்கரை மட்டும்தான், கொஞ்சத்தூரம் நடப்பினம்” என்றேன். “நாங்கள் நடந்தது காணும் ரீச்சர்” என்றாள். அனுமதிப் படிவத்தில் ‘மறுப்பதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. அது இந்தப் பதிலுக்குப் போதாது.

மீளக்குடியமர்ந்த காலத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் வெளிக்களப் பாடம் மிதிவெடியைப் பற்றியது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள்தான் பாடப்புத்தகம். தொடாதே, எடுக்காதே, பாதையை விட்டு இறங்காதே, கண்டால் பெரியவரிடம் சொல். வீதி நாடகம் போட்டும் பாட்டுப் படித்தும் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். பல பிள்ளைகளின் கால் அதனால் தப்பியது. என் பாடத்திட்டமோ அதற்கு நேரெதிர். தொட்டுப் பார், மணந்து பார், கையில் எடு, பாதையை விட்டு இறங்கி நட. வெடி அகற்றி முடித்த இடமென்று உறுதி செய்த பிறகுதான் இதைச் சொல்கிறேன் என்றாலும், சொல்லும்போது வாய் கொஞ்சம் கூசும். ஒருநாள் சேற்றில் பாதி புதைந்து ஒரு சங்கு கிடந்தது. அதைக் கண்ட சிறுமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்று, “ரீச்சர், இஞ்ச ஒரு சாமான் கிடக்குது” என்று கூப்பிட்டாள். போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளை. அந்தப் பாடத்தை அவளுக்கு யாரும் வகுப்பில் நடத்தியதில்லை. வீட்டில் சோற்றோடு ஊட்டியிருக்கிறார்கள்.

குரலை வைத்துப் பறவையை அடையாளம் காண்பது எங்கள் திட்டத்தில் ஒரு முழு அலகு. சத்தத்தைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியை ரெலிபோனில் போட்டுத் தந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பறவையை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்போதெல்லாம் என் பழைய மரத்தடி மாணவர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். சகடை, பொம்மர், ஹெலி, கிபிர், பிற்காலத்தில் வேவு பார்க்க வந்த ‘வண்டு’ எல்லாவற்றையும் அவர்கள் காதாலேயே பிரித்தார்கள். கிபிரின் இரைச்சல் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையில் கிபிர் இராது, அதற்கு முன்னால் தேட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவன் நான்காம் வகுப்புக்காரன். ஒலியின் வேகம் அவனுக்கு அப்போது பாடமில்லை. அந்தப் பாடத்தில் தவறிய பிள்ளைக்கு மறுபரீட்சை கிடையாது என்பதால் எல்லோரும் கெட்டிக்காரர்களாகவே இருந்தார்கள்.

தொலைநோக்கியின் கதையும் இப்படித்தான். பற்றரிக்கே தடை இருந்த காலம் அது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சிக்கனமாக மண்ணெண்ணெய் விட்டுத்தான் விளக்கெரித்தோம். ஒருவன் தொலைநோக்கியோடு கரையில் நின்றால், அவன் கூழைக்கடா பார்க்கிறான் என்று எந்தப் பக்கம் நம்பும்? இப்போது திட்டம் இலக்கமிட்ட தொலைநோக்கிகள் தந்திருக்கிறது. அவற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போர்த்துக்கீசர் கட்டிய கோட்டையின் பக்கத்தால் வரிசையாகப் போகிறோம். அந்தக் கோட்டையை ஒல்லாந்தர் பெருப்பித்தார்கள், பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள், எங்கள் காலத்தில் இராணுவம் இருந்தது, 1993 நவம்பரில் அங்கே பெரும் சண்டை நடந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதில் ஏறிக் கரையைத்தான் நோட்டம் பார்த்தார்கள். பறவை பார்ப்பதற்காகக் கரையை நோட்டம் விட்ட முதல் படை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சங்குப்பிட்டிப் பக்கம் போனால் பிள்ளைகளுக்கு எண்ணப் பழக்குவேன். கேரதீவுக்குப் ‘பாதை’ என்கிற மிதவை ஓடிய துறை அது. இப்போது 2011 ஜனவரியில் திறந்த 288 மீற்றர் நீளப் பாலம் நிற்கிறது. மாரி முடிந்து தண்ணீர் வற்றத் தொடங்கினால் பூநாரைகள் வந்து இறங்கும். தலையைத் தலைகீழாகச் சேற்றுத் தண்ணீரில் அமிழ்த்தி, அலகால் வடித்து வடித்துத் தின்னும். கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணு, அந்தப் பத்து பிடித்த அகலத்தைக் கண்ணில் வைத்துக்கொள், அதே அகலத்தால் முழுக் கூட்டத்தையும் அளந்துகொண்டு போ. ஆசியா முழுவதும் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைகளை இப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள். எங்களூர்ச் சனத்துக்குக் கணக்கெடுப்பு புதிதல்ல. ஒவ்வோர் இடப்பெயர்விலும், ஒவ்வொரு முகாமிலும் எண்ணப்பட்டவர்கள் நாங்கள். எண்ணுகிற பக்கத்தில் நிற்பது நல்ல முன்னேற்றம்தான்.

மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதுகில் ஜி.பி.எஸ். பூட்டிவிட்ட ‘மேகா’ என்ற கடற்காகம் ரஷ்யாவின் வடதுருவக் கரை வரைக்கும் போன கதையையும் சொல்வேன். எத்தனை நாடு தாண்டியது என்று வரைபடத்தில் காட்டினேன். “பாஸ் கேக்கேல்லையோ?” என்று ஒருவன் கேட்டான். ஊரை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்க வேண்டியிருந்த முறை ஒழிந்த பிறகு பிறந்தவன். இதுவும் சோற்றோடு வந்ததுதான்.

பறவைகளுக்கு இப்போது கிடைக்கிற மதிப்பைக் கண்டால் பழைய ஆட்களுக்கு வியப்பு. பூநகரியில் 234 மெகாவாட், மன்னாரில் 250 மெகாவாட் என்று அதானி நிறுவனம் காற்றாலைகள் போடவிருந்தது. பறவைகளின் வான்பாதையை மறிக்கும் என்று மன்னார்த் திட்டத்துக்கு எதிராக வழக்கே போட்டார்கள். 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது, அதற்கு மின்விலை முதல் வேறு காரணங்களும் உண்டு. ஜாம் போத்தல் வெளிச்சத்தில் படித்த ஒருவர் என்னிடம் கேட்டார்: “பறவைக்காக வழக்காடினதுகளோ?” அவருடைய குரலில் இருந்தது கோபமா பொறாமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இத்தனை கருவிகளோடும் அலகுகளோடும் போகிற எங்களுக்கு உண்மையில் பாடம் நடத்துவது ஓர் ஆச்சி. கௌதாரிமுனைப் பக்கம் ஆடு மேய்க்கிறவர். முதல்முறை தற்செயலாகத்தான் கண்டோம். ஆட்காட்டி ஒன்று எங்கள் தலைக்கு மேல் கத்திக் கத்திச் சுற்றியது. கூடு கிட்டத்தான் என்று பிள்ளைகள் அது கத்துகிற இடத்தை நோக்கி ஓடினார்கள். ரெலிபோனும் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டது. ஆச்சி ஊன்றுகோலை நீட்டி மறித்தார். “கத்துற இடத்தில தேடாதேங்கோ. அது முதல்ல சத்தமில்லாமல் நடந்து போனது, அந்த இடத்தில பாருங்கோ.” திரும்பி வந்து, ஆளுக்கோர் அடி எடுத்து வைத்துத் தேடினோம். வெறும் தரையில், ஆட்டுப்புழுக்கைக்கும் கூழாங்கல்லுக்கும் நடுவில், கூர்முனைகள் உள்நோக்கியபடி நான்கு முட்டைகள். கல்லின் நிறம், கல்லின் புள்ளி. ஒருவனுடைய சப்பாத்து அதற்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. சத்தம் வருகிற இடத்தில் தேடாதே என்று எனக்கு முன்பே ஒருவன் சொல்லித் தந்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவனை எச்சரித்தது சாவு. ஆச்சி காட்டியது முட்டை. பாடம் ஒன்றுதான்.

“இந்த முட்டையை என்ன செய்யவேணும், சொல்லுங்கோ ஆச்சி” என்று பாதுகாப்புப் பாடத்துக்கு நான் அடியெடுத்துக் கொடுத்தேன். “நாங்கள் அவிச்சுத் திண்டனாங்கள்” என்றார். பிள்ளைகள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எந்த அலகிலும் இல்லை. அறிக்கையில் அந்த வரியை நான் சேர்க்கவில்லை. பிறகு ஆச்சியே, “இப்ப ஆடும் குறைவு, முட்டையும் குறைவு, விட்டிட்டு வாங்கோ” என்று பிள்ளைகளைக் கலைத்தார். நான் ஒரு மணித்தியாலம் பேசியிருந்தால் அவர்கள் அப்படி அடங்கித் திரும்பியிருக்க மாட்டார்கள். அன்று பின்னேரம் வட்ஸ்அப் குழுவில் முட்டையின் படம் போனது. நடந்தது காணும் என்ற அந்தத் தாய் அடுத்த நடைக்குக் கையெழுத்து வைத்தாள், “ஆச்சி வருவாவோ?” என்று கேட்டுவிட்டு.

அதற்குப் பிறகு ஆச்சியை முறைப்படி வளவாளராக்க நினைத்தேன். வளவாளர் படிவத்தில் கல்வித் தகைமை, பெற்ற பயிற்சிகள், தொடர்புடைய அனுபவம் என்று மூன்று கட்டங்கள். மூன்றாம் வகுப்பு, இல்லை, பிறந்ததிலிருந்து என்று நிரப்பி அனுப்பினேன். தகைமை போதாது என்று படிவம் திரும்பி வந்தது. கணக்கிலே வேறு தலைப்புகளைத் துருவினேன். ‘சிற்றுண்டி’ என்று ஒன்று இருந்தது. அதற்குத் தகைமை கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு நடைக்கும் ஆச்சியின் கூலி அதற்குள்தான் போகிறது. கணக்காய்வாளர் வந்து, பூநகரிப் பிள்ளைகள் இவ்வளவு வடை தின்கிறார்களா என்று கேட்டால் ஆமென்பேன்.

விசயத்தை ஆச்சியிடம் மறைக்கவில்லை. “உங்களைச் சிற்றுண்டி எண்டு எழுதியிருக்கு ஆச்சி” என்றேன்.

“காசைத் தா மோனை” என்றார். “பேரை என்னவும் எழுது.”