பாவ்லோவ் நாயும் பேராண்டி போனும்

ஏலே பேராண்டி, புஸ்தகத்தை மூடி வச்சிட்டு இந்த டீயைக் குடி. ஆபீஸ் வேலைக்கு நடுவுல படிச்சு, விடிஞ்சா மனோதத்துவப் பரீட்சைன்னு ராத்திரி பூரா ‘ஆக்கநிலையுறுத்தம், ஆக்கநிலையுறுத்தம்’னு உருப்போடுதியே, நான் தரமணிக்கு வந்த நாள்லேருந்து உன்னையத்தான் பாத்துட்டு இருக்கேன். உனக்குப் புஸ்தகம் எதுக்குலே, ஒரு கண்ணாடி போதும்.

ரஷ்யாக்காரர் பாவ்லோவ் 1904-ல நோபல் வாங்குனது நாய்க்கு மணியடிச்சதுக்குன்னு எழுதிராத. சீரண ஆராய்ச்சிக்குக் குடுத்தாவ. சோறு கொண்டார ஆளோட காலடிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுதேன்னு அவருக்குச் சந்தேகம். அங்க பிடிச்சார் நூலை. சோத்தோட சேந்து வாற சத்தத்துக்கே பழகிப்போறதுதான் உன் ஆக்கநிலையுறுத்தம். உனக்கு ஒரு ‘டிங்’ போதும். நேத்து சோப்பு நுரையோட ஓடியாந்து போனைத் தேடுனியே, அடிச்சது யார் போனு? பக்கத்து ரூம் பையன் போனு. சோறு வைக்காம சத்தத்தை மட்டும் குடுத்துட்டே இருந்தா, அந்த நாய்கூடக் கொஞ்சநாள்ல எச்சில் ஊறுததை நிறுத்திருச்சாம். நீ நிறுத்திராத, நல்லா ஓடு. உடம்புக்கு நல்லது.

அமெரிக்காவுல ஸ்கின்னர்னு ஒருத்தர். 1948-ல ஒரு வேடிக்கை எழுதுனார். பசிச்ச புறாவைக் கூண்டுல விட்டு, அது என்ன செஞ்சாலும் செய்யாட்டாலும், குறிச்ச நேரத்துக்கு ஒருக்கா தீனி விழுதாப்புல வச்சார். தீனி விழுதப்போ வட்டம் சுத்திட்டிருந்த புறா, சுத்துனதாலதான் விழுந்துச்சுன்னு சுத்திக்கிட்டே கெடந்துச்சு. 8 புறாவுல 6-க்கு இப்பிடி ஒவ்வொரு கிறுக்கு. உங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் வைக்காவளாமே, புது வேலை ஏத்துத அன்னைக்கு மேனேஜர் அதே நீலச்சட்டையில வாறாராமே, அவர்ட்ட இந்தப் புறா கதையைச் சொல்லிராத. சம்பள உயர்வு நேரம்.

பிரிஸ்டல் பள்ளிக்கூடப் பையங்களை வச்சுப் பாத்ததை தாஜ்ஃபெல்னு ஒருத்தர் 1970-ல எழுதுனார். ஓவியர் க்ளே வரைஞ்ச படம் பிடிச்சவன், கான்டின்ஸ்கி வரைஞ்ச படம் பிடிச்சவன்னு பேருக்கு ரெண்டாப் பிரிச்சார். கூட்டாளி யாருன்னே காட்டல. காசைப் பங்குவைங்கன்னதும் தன் கூட்டத்துக்கு அள்ளுனானுவ. தன் ஆளுக்கு ரெண்டு காசு குறைஞ்சாலும் சரி, அடுத்தவனைவிட ஒசந்து நிக்கணும், அவ்வளவுதான். இங்க சாயங்காலம் ரயிலடி டீக்கடையில பாக்கேன். கழுத்துல கம்பெனி அட்டை மாட்டுன நீலக்கயிறு கெடக்கவன் நீலக்கயிறோட நிக்கான், பச்சை பச்சையோட. நம்ம ஊர்ல கயிறு மாட்டுக்குத்தாம்லே. அதுவும் கயிறு நிறம் பாத்துத் தொட்டியில வாய் வைக்காது.

உன் பேச்சு இருக்கே, அது அதுக்கு மேல. மேனேஜர்ட்ட தமிழே மறந்துருது, ஆட்டோக்காரர்ட்ட ‘இன்னாண்ணா’, அம்மைட்ட மட்டும் ‘எம்மா, பசிக்கி’. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் இதே தரமணியிலதான இருக்கு? அங்கேருந்து ஒரு ஆள் வந்து ஒருநாள் உன் வாயை ஒட்டுக்கேட்டா, ஒரு முனைவர் பட்டம் தேறும்.

கடைசியா ஒண்ணு. முன்னால நீ கூப்பிடுத ஞாயித்துக்கிழமையெல்லாம் ஜிபேல 500 போட்டேன். காசு ஏறுனதும் போனை வச்சிருவ. அப்புறம் மாத்துனேன். ஒருக்கா விழும், மூணு தடவை ஒண்ணும் விழாது, திடீர்னு 1000. நான் இங்க வாற வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் கூப்பிட்டு ‘தாத்தா, சாப்டீங்களா’ன்னியே, அது பாசமாலே? எப்ப விழும்னு தெரியாட்டா விடாமக் கொத்தும்னு ஸ்கின்னர் புறாவை வச்சுக் காட்டுனார். எனக்குப் புறா கெடைக்கல.

உங்க அப்பன்ட்ட மட்டும் இதைச் சொல்லிராத. அவனுக்கு இன்னும் நடந்துட்டிருக்கு.